ஆசரிப்புக் கூடாரமும் பொம்மை ரயிலும்

முப்பத்தொரு வருட ஊழியத்தில் யாத்திராகமத்தின் பிற்பாதியை நான் ஒருமுறைகூடப் பிரசங்கத்துக்கு எடுத்ததில்லை. எகிப்து, செங்கடல், மன்னா, சீனாய் மலை, பத்துக் கற்பனைகள் என்று 20ஆம் அதிகாரம் வரை கதை தானாக ஓடும். 25ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கியதும் எந்தப் போதகரும் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவார். இத்தனை முழ நீளம், இத்தனை முழ அகலம், மூடுதிரையின் ஓரத்தில் 50 காதுகள், அவற்றைப் பிணைக்க 50 பொன் கொக்கிகள். இது ஒரு தடவை வந்தால்கூடப் பரவாயில்லை. 36ஆம் அதிகாரத்தில் அதே காதுகளும் அதே கொக்கிகளும் மறுபடி எண்ணப்படும். வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஏன் இங்கே உட்கார்ந்து கொக்கிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று வேதாகமக் கல்லூரியில் நாங்கள் யாரும் கேட்கவில்லை. தேர்வில் அது வராது.

அந்த அதிகாரங்களை எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது இங்கிலாந்தில் வெளியாகும் ஒரு பொம்மை ரயில் பத்திரிகை. அதற்கு முன் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும்.

1991. திருநெல்வேலி – செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையை ஒட்டிய ஒரு சேகரத்தில் நான் சேகரகுருவாக இருந்தேன். சபையில் ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் ஒருவர். ஊரே அவரை டிரைவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நீராவி எஞ்சினில் பயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக இறங்கியவர். வீடு சந்திப்புக்குப் போனபோது அவருடைய மனைவி அடுக்களை வாசலில் நின்று குறைப்பட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக்கூட வராமல் பின்கட்டில் தகரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறாராம். போய்ப் பார்த்தேன். மேசைமேல் ஒய்பி ரக நீராவி எஞ்சினின் மாதிரி ஒன்று பாதி எழுந்து நின்றது. முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. நிலக்கரி வண்டியான டெண்டரும் சேர்ந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல். டால்டா டின், சைக்கிள் கம்பி, பழைய கடிகாரத்துப் பல்சக்கரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஈயத்தால் பற்றவைத்துச் செய்துகொண்டிருந்தார்.

“ஐயா, இத எப்படிச் செஞ்சேன்னு பாக்கியளா? சக்கரத்த உருட்டினா இந்தக் கம்பியெல்லாம் நெசமாவே முன்னும் பின்னும் ஓடும்” என்றார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நாலு வீடு பாக்கி. “அண்ணாச்சி, இந்த வயசுல பொம்மை எதுக்கு? இந்த நேரத்த ஜெபத்துல வச்சா ஆத்துமாவுக்கு ஆகும்லா” என்றேன். முப்பத்திரண்டு வயதுக்காரன் அறுபத்து நான்கு வயதுக்காரரிடம் சொன்னது இது. அவர் மறுத்துப் பேசவில்லை. “சரிங்கய்யா” என்று எஞ்சின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினார். அடுத்த முறை போனபோது மேசை காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி சபையார் முன்னிலையில் எனக்கு நன்றி சொன்னார். ஊழியத்தின் கனி என்று அன்றைக்கு நான் நாட்குறிப்பில் எழுதினேன்.

ஏழு வருடம் கழித்துப் படிப்புக்காக பர்மிங்காமில் ஓராண்டு தங்கினேன். அங்கே ஒரு தேவாலயக் கூடத்தில் பழைய சாமான் விற்பனை. சணல் கயிற்றில் கட்டிய பத்திரிகைக் கட்டு ஒன்று ஒரு பவுண்டுக்குக் கிடந்தது. ‘ரெயில்வே மாடலர்’, 1950களின் இதழ்கள். என் அப்பா ரயில்வே சிக்னல் கேபினில் பாயிண்ட்ஸ்மேன். ரயில் படம் போட்ட எதையும் அந்த வீட்டுப் பிள்ளையால் தாண்டிப் போக முடியாது. வாங்கினேன். அட்டையில் பெயரோடு ஒரு வரி அச்சாகியிருந்தது: இது சராசரி ஆர்வலருக்கான பத்திரிகை என்று. தன் வாசகரைச் சராசரி என்று அட்டையிலேயே அழைத்து, அதைப் பெருமையாகவும் நினைக்கிற பத்திரிகையை அதுவரை நான் பார்த்ததில்லை. நாங்கள் பிரசங்கம் செய்வதும் சராசரி விசுவாசிக்குத்தான். அதை முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்குத் துணிச்சல் வருவதில்லை.

அந்த இதழ் தொடங்கியது 1949இல். சீக்கிரமே சிட்னி பிரிட்சார்ட் என்பவர் கைக்கு வந்தது. அவர் 1946இல் பீக்கோ என்ற பெயரில் மாதிரி ரயிலுக்கான பாகங்களைச் செய்யத் தொடங்கியவர். தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் அந்தத் தொழிலும் பத்திரிகையும் ஒரே குடும்பத்துச் சொத்தாக வளர்ந்தன. 1950 முதல் 1978 வரை ஆசிரியர் சிரில் ஃப்ரீசர். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

அவர் பொறுப்பேற்ற ஆண்டில் இங்கிலாந்து போரிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. குண்டு விழுந்த நகரங்களில் வீடு கிடைப்பதே பாடு. அப்படிப்பட்ட நாட்டில் ரயில் பாதை போட யாரிடம் இடம் இருக்கும்? முந்தைய தலைமுறையில் இந்தப் பொழுதுபோக்கு பெரிய வீடும் தோட்டமும் உள்ளவர்களுடையது. ஃப்ரீசர் வாடகை அறைக்காரனுக்கு வரைந்தார். புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒரு நிலையம், படுக்கையறைச் சுவரோரம் ஒரு கிளைப்பாதை, மடக்கி வைக்கக்கூடிய ஒரு துறைமுகம். 1957இல் அவர் வரைந்த ‘மைனரீஸ்’ என்ற திட்டம் ஒரு பெருநகர முனைய நிலையத்தை ஒரு குறுகிய பலகைக்குள் அடக்கிக் காட்டியது. லண்டனில் ஒரு தெருவின் பெயர் அது. இன்றுவரை ஆட்கள் அந்தத் திட்டத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘சிறு ரயில்பாதைகளுக்கான 60 திட்டங்கள்’ என்று அவர் தொகுத்த புத்தகமும் அப்படியே. யாரோ ஒருவருடைய அறையின் நீள அகலத்தை மனதில் வைத்துக்கொண்டு, அந்த மனிதனிடம் இல்லாததைச் சுட்டாமல், இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று 28 வருடம் யோசித்திருக்கிறார். ஆயர் பணி என்று நான் கல்லூரியில் படித்ததற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது.

அந்தக் கட்டில் திரும்பத் திரும்ப வந்த பெயர் பீட்டர் டென்னி. பெயருக்கு முன்னால் ‘ரெவரெண்ட்’ என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆங்கிலிக்கன் குருவானவர். எங்கள் தென்னிந்தியத் திருச்சபைக்குள் கலந்த மரபுகளில் அதுவும் ஒன்று. 1940களின் பிற்பகுதியில் பக்கிங்காம் என்ற கற்பனைக் கிளைப்பாதையை அவர் கட்டத் தொடங்கினார். கிரேட் சென்ட்ரல் ரயில்வே, காலம் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு. 2009இல் அவர் இறந்தபோது அதற்கு 60 வயது. இடையில் குருமனை மாறும்போதெல்லாம் ரயிலும் மாறியது. கழற்றி, சுமந்து, புது வீட்டின் அறைக்கேற்ப மறுபடி பூட்டி, சில பகுதிகளை முற்றிலும் புதிதாகக் கட்டினார். கடைசியில் கார்ன்வால்.

ஒன்பது குருமனைகளில் குடியிருந்தவன் நான். இடமாற்ற உத்தரவு வந்ததும் கட்டிலைக் கழற்றிக் கொல்லைப்பக்கம் சாத்தி வைக்கும் அந்த மாலை எனக்குத் தெரியும். எதையும் ஆழமாக ஊன்றாதே, மூன்று வருடத்தில் பிடுங்க வேண்டிவரும் என்று ஒரு போதகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டென்னி ஊன்றினார், ஆனால் கழற்றிச் சுமக்கிற விதமாக ஊன்றினார். இதைப் படித்த இரவில்தான் எனக்கு ஆசரிப்புக் கூடாரம் நினைவுக்கு வந்தது. கொக்கிகளும் காதுகளும் எதற்கு? கழற்றுவதற்கு. பலகைகளுக்குத் தாழ்ப்பாள்கள் எதற்கு? மறுபடி பூட்டுவதற்கு. எண்ணாகமத்தில் மெராரியின் புத்திரர் இன்ன பலகையை, இன்ன தூணை, இன்ன முளையைச் சுமக்க வேண்டும் என்று பேர்பேராக ஒதுக்கியிருக்கிறதே, அது ஒரு நாடோடி ஜனத்தின் பெட்டி கட்டும் பட்டியல். நாற்பது வருட இடமாற்றத்துக்குத் தயாரான வேலை அது. அந்த ராத்திரி பர்மிங்காம் அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து யாத்திராகமம் 25 முதல் 31 வரையும், 35 முதல் 40 வரையும் ஒரே மூச்சில் வாசித்தேன். ஒரு பக்கத்தில் வேதம், மறுபக்கத்தில் ரெயில்வே மாடலர். இரண்டிலும் ஒரே வகையான வாக்கியங்கள். இந்த நீளத்துக்கு வெட்டு, இங்கே துளை போடு, இதை அதோடு இணை.

டென்னியின் பாதையில் இன்னொரு சங்கதி என்னை அசைத்தது. ரயில்கள் கால அட்டவணைப்படி ஓடின. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு மணி அடித்து அனுமதி கேட்க வேண்டும். அங்கிருப்பவர் பதில் மணி அடித்தால்தான் வண்டி நகரும். இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் அப்பாவின் கேபினில் பிளாக் கருவியின் மணிச் சத்தத்தை வைத்தே வருவது என்ன வண்டி என்று அவர் சொல்லிவிடுவார். இங்கிலாந்துக்காரர்கள் விட்டுப்போன முறைதானே அது. மகன் கிரிஸ்பின் ஒரு முனையில், தகப்பன் மறுமுனையில் என்று அந்த வீட்டில் மணிகள் பேசிக்கொண்டன. மகன் எப்போதும் பக்கத்தில் இருக்க முடியாதல்லவா? லைட்டன் பஸர்டு நிலையத்தை ஆளில்லாமல் இயக்க டென்னி ஓர் இயந்திரம் செய்தார். மணியைக் கேட்டு மணியால் பதில் சொல்லும் இயந்திரம். கணிப்பொறி வீட்டுக்குள் வராத காலம். அதற்கு அவர் வைத்த பெயர் தானியங்கி கிரிஸ்பின். அதைப் பற்றியும், எப்படிச் செய்தேன் என்று பத்திரிகையில் எழுதினார்.

அவர் தனியாள் இல்லை. தாமஸ் என்ற நீல எஞ்சினை உலகத்துக்குத் தந்த வில்பர்ட் ஆட்ரி ஒரு குருவானவர். தட்டம்மையில் படுத்திருந்த மகனுக்குச் சொன்ன கதைகளே 1945இல் முதல் புத்தகமாயின. அவர் தன் கதையுலகத்தையே மாதிரி ரயிலாகக் கட்டிக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோனார். அவருடைய நண்பர் டெடி பாஸ்டன் லெஸ்டர்ஷயரில் கேட்பி என்ற ஊரின் குரு; குருமனைத் தோட்டத்தில் ஆள் ஏறிப் போகும் குறும்பாதையே போட்டவர். ஸ்காட்லாந்தின் எட்வர்ட் பீல் 1930களிலேயே இந்தக் கலைக்குப் பாடப்புத்தகம் எழுதிய போதகர். இத்தனை குருமார் ஏன் இந்தப் பக்கம் வந்தார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். குருமனைகளில் பெரிய அறைகள் இருந்தன என்ற பதில் எனக்குப் போதவில்லை. ஒழுங்கும் நேரமும் மணியும் உள்ள வாழ்க்கை இரண்டுக்கும் பொது என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எனக்குள் உறுத்தியது வேறு கேள்வி. இது விக்கிரகமா?

கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்முடைய இரண்டாம் கற்பனை சுரூபங்களைப் பற்றியது. மனிதன் தன் கையால் ஒன்றைச் செய்து, 60 வருடம் அதன்மேல் அன்பை ஊற்றுகிறான். அவன் சபையில் ஏழைகள் இருக்கிறார்கள், நோயாளிகள் இருக்கிறார்கள். அந்த மணிநேரங்கள் யாருக்குச் சேர வேண்டியவை? டிரைவர் அண்ணாச்சியிடம் நான் சொன்னது இந்த வாதத்தின் மலிந்த வடிவம். பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தை ஊற்றியபோது சீஷர்கள் வீண்செலவு என்று முறுமுறுத்ததையும், ஆண்டவர் அவளுக்காகப் பேசியதையும் பதிலாகச் சொல்லலாம்தான். ஆனால் அவள் ஊற்றியது அவர்மேல். தகர எஞ்சின்மேல் ஊற்றியதை அதே கணக்கில் எழுதிவிட என் மனச்சாட்சி ஒப்பவில்லை.

பதில் அதே யாத்திராகமத்துக்குள்ளேயே இருந்தது. கூடாரத்தின் அளவுகள் சொல்லப்படுவது 25 முதல் 31 வரை. கட்டப்படுவது 35 முதல் 40 வரை. நடுவில், 32ஆம் அதிகாரத்தில், பொன் கன்றுக்குட்டி. இரண்டுக்கும் ஒரே ஜனம். பொருளும் ஒன்றே: கன்றுக்குட்டிக்குக் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், கூடாரத்துக்கும் காதணிகளைக் கொடுத்தார்கள். வித்தியாசம் எங்கே? கன்றுக்குட்டிக்கு அளவு இல்லை. எத்தனை முழம் என்று ஒரு வார்த்தை கிடையாது. மோசே வந்து கேட்டபோது ஆரோன் என்ன சொன்னான்? பொன்னை நெருப்பில் போட்டானாம், கன்றுக்குட்டி தானாக வெளியே வந்ததாம். சில வசனங்களுக்கு முன்னால்தான் அவன் உளிபோன்ற கருவியால் அதைச் செதுக்கினான் என்று எழுதியிருக்கிறது. செய்தவன் செய்யவில்லை என்கிறான். கூடாரத்தில் அப்படியில்லை. பெசலெயேல், அகோலியாப் என்று செய்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், கோத்திரம் எல்லாம் இருக்கிறது. பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பியதாக வேதம் சொல்வது போர் செய்யவோ பிரசங்கிக்கவோ அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, கல் இழைக்க, மரம் செதுக்க.

விக்கிரகம் தன் பிறப்பை மறைக்கும். வானத்திலிருந்து விழுந்ததுபோல் வந்து நிற்கும். கும்பிட வைக்க அதற்கு அந்த மறைவு வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தால் யாரும் விழுந்து வணங்கமாட்டார்கள். பொழுதுபோக்குப் பத்திரிகை செய்வதோ ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டுவது. இந்தக் கூரை அட்டை, இந்த வேலி குண்டூசி, இந்தச் சக்கரம் கோணிவிட்டது, இரண்டாம் முறை இப்படிச் சரிசெய்தேன், நீயும் செய்துபார். மாதாமாதம் அறிக்கையிடுகிற பழக்கம் இது. எங்கள் சபையில் பாவ அறிக்கை உண்டு, வேலை அறிக்கை இல்லை. ஆக்ஸ்போர்டு அருகே லாங் விட்டன்ஹம் கிராமத்தில் பெண்டன் அருங்காட்சியகத்துக்கு அந்த வருடம் போனேன். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் வந்த ராய் இங்கிலாந்து என்பவர் அந்தப் பகுதிப் பள்ளத்தாக்கின் கூரைவேய்ந்த குடிசைகள் அழிந்துகொண்டிருப்பதைப் பார்த்து, 76இல் ஒரு பங்கு அளவில் அந்தப் பள்ளத்தாக்கையே செய்துவைக்கத் தொடங்கியதன் பலன் அந்த இடம். ஜான் ஆஹெர்ன் என்ற காப்பீட்டுத் தொழில்காரர் கட்டிய மேடர் வேலி என்ற மாதிரி ரயிலும் அவர் 1961இல் இறந்தபின் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. எஞ்சினோடு சேர்த்து ஊரையும் செய்ய வேண்டும் என்று காட்டியவர்களில் முன்னோடி அவர். கண்ணாடிக்கு இப்பால் குனிந்து நின்ற யாரும் வணங்கிக்கொண்டிருக்கவில்லை. “அந்தக் கூரை எதனால்?” என்று ஒரு சிறுமி தாத்தாவிடம் கேட்டாள். குழாய் வேலைக்குப் பயன்படும் சணல் நார் என்று பக்கத்திலிருந்த தொண்டர் சொன்னார். விக்கிரகத்தின் முன்னால் எழக்கூடாத கேள்வி அது.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு பெரிய பொய்யும் உண்டு. அதை அவர்கள் கையாண்ட விதமும் எனக்குப் பாடம். பிரிட்டனில் பரவலான அளவு, நிஜத்தின் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் தண்டவாளங்களுக்கிடையே 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் விற்பது 16.5. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உடல் சிறியவை. ஐரோப்பிய அளவில் செய்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே போகாது. ஆகவே உடலைப் பெரிதாக்கினார்கள், ஐரோப்பிய அளவின் 16.5 பாதையை அப்படியே விட்டார்கள். பார்க்க ரயில் ஒடுங்கிய கால்களில் நிற்கும். டென்னி போன்றவர்கள் 18 மில்லிமீட்டருக்குப் போனார்கள். 1966இல் ஒரு குழு 18.83ஐத் தவிர மற்றதெல்லாம் சமரசம் என்று தனி அளவுமுறையை வகுத்தது. சபைப் பிரிவுகளைப் பார்த்த எனக்கு அந்த விவாதத்தின் சூடு புதிதில்லை. ஃப்ரீசரின் பத்திரிகை 16.5காரனுக்குப் பாதை வரைந்துகொடுத்தது. 18காரரான டென்னிக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தது. பொய் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்பதை யாரும் ஒளிக்கவில்லை. தன் தவறின் அளவை இரண்டு தசமத்துக்குச் சொல்லத் தெரிந்த சபையாக எங்கள் திருமண்டலம் இருந்திருந்தால் எத்தனையோ வழக்குகள் தவிர்க்கப்பட்டிருக்கும்.

அமெரிக்கக் கதையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மில்வாக்கி நகரில் ஆல் கால்ம்பாக் ‘மாடல் ரெயில்ரோடர்’ முதல் இதழை 1934 ஜனவரி தேதியிட்டுக் கொண்டுவந்தார். நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லாத பெருமந்தத்தின் நடுவில். அந்தப் பத்திரிகையை 1961 முதல் 1977 வரை நடத்தியவர் லின் வெஸ்ட்காட். அதன் பக்கங்களால் உலகறிந்தவர் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் இருந்த ஜான் ஆலன். தரையிலிருந்து உத்தரம் வரை மலைகள் எழும்பிய ஒரு ரயில் உலகத்தை வீட்டில் இருபது வருடமாகக் கட்டியவர். 1973 ஜனவரியில் ஆலன் மாரடைப்பில் இறந்தார். பத்து நாளில் அந்த வீட்டில் தீப்பிடித்து, கட்டியதெல்லாம் போயிற்று. பிரசங்கி புத்தகத்தை எழுதியவர் இதற்கு மேல் ஓர் உதாரணம் கேட்டிருக்கமாட்டார். வெஸ்ட்காட் என்ன செய்தார் என்றால், ஆலன் எப்படிச் செய்தார் என்பதைத் தேடித் திரட்டிப் புத்தகமாக எழுதினார். மலையை எதனால் பூசினார், ஒளியை எப்படி வைத்தார், வண்டிகளை எப்படி ஓட்டினார். 1981இல் அது வெளிவந்தபோது வெஸ்ட்காட்டும் உயிரோடில்லை. முந்தின வருடமே போய்விட்டார்.

இதைப் படித்தபோது கொக்கிகள் ஏன் இரண்டுமுறை எண்ணப்பட்டன என்று எனக்கு விளங்கியது. ஆசரிப்புக் கூடாரம் இன்று இல்லை. உடன்படிக்கைப் பெட்டி இல்லை, குத்துவிளக்கு இல்லை, மூடுதிரையின் ஒரு நூல்கூட இல்லை. அளவுகள் இருக்கின்றன. எவனாவது ஒருவன் மறுபடி செய்ய நினைத்தால் 50 காதுகள் என்று அவனுக்குத் தெரியும். வேலையின்மேல் அன்பு வைத்தவர் அதை எழுதிவைக்கச் சொல்கிறார்.

டிரைவர் அண்ணாச்சி கேட்டதும் அதைத்தான். பாராட்டைக் கேட்கவில்லை, என் அனுமதியையும் கேட்கவில்லை. எப்படிச் செஞ்சேன்னு பாக்கியளா என்றார். ஆரோன் சொல்லாமல் மறைத்ததை அவர் சொல்ல வந்தார். அன்றைக்கு அந்தப் பின்கட்டில் விக்கிரகம் ஏதாவது இருந்ததென்றால் அது என் அங்கியும் அதற்குக் கிடைத்த மரியாதையும்தான். எப்படி உண்டாயின என்று ஒருவரும் கேட்காத இரண்டு பொருள்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அந்தச் சேகரத்துக்குப் போனேன். அவர் முந்தின ஆடியில் இறந்திருந்தார். அவருடைய மனைவியும் இல்லை. மகன் வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினைக் கேட்டேன். சாமான்களை ஒழிக்கும்போது பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டதாகச் சொன்னார். அவரை நான் எப்படிக் குறை சொல்ல? அதைப் பொம்மை என்று முதலில் சொன்னவன் நான். பேரப்பிள்ளை விளையாட வைத்திருந்ததால் டெண்டர் மட்டும் மிச்சம் இருந்தது. சக்கரங்கள் பூட்டப்படவில்லை. “நீங்க வச்சுக்கோங்கய்யா” என்று கையில் தந்தார். வெளிப்பக்கம் கறுப்பு வர்ணம், ஓரத்தில் மெல்லிய சிவப்புக்கோடு, கை நடுங்காமல் போட்டது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வர்ணமில்லாமல் மஞ்சளாக இருக்கிறது. டால்டா டின்னின் பச்சைப் பனைமரம் முழுசாகத் தெரிகிறது. நிலக்கரி அறையின் சரிவுத் தகடுகளை அவர் எந்த வரிசையில் பற்றவைத்தார், அந்தக் குறுகலான மூலைக்குள் சூட்டுக்கோலை எப்படி நுழைத்தார் என்று பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

மீட்டர்கேஜ் எஞ்சின் ஓட்டியவர்கள், லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்தவர்கள், கேபினில் மணி அடித்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தச்சர்கள், தேர்ச்சக்கரம் செய்தவர்கள், அச்சுக்கோத்தவர்கள் இருக்கிறார்கள். பின்கட்டில் அவர்களில் யாராவது எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை அளவோடு எழுதிக்கொள்ளுங்கள். ஊழியக்காரர்களாக இருக்கிறவர்களுக்கு இதை இரண்டுமுறை சொல்கிறேன்: அளவோடு எழுதிக்கொள்ளுங்கள்.